அப்பாவுக்காக நான் செய்த பக்கம்

அந்தப் பக்கம் இப்போது இல்லை. ஓசியில் இடம் கொடுத்த கம்பெனி ஒருநாள் தன் வேலையை நிறுத்திக்கொண்டது, அதோடு அதுவும் போய்விட்டது. நான் ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் தினமும் திறந்து பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் அப்படித்தான் இருக்கிறேன்.

கன்னியாகுமரி பக்கம் கொட்டாரம் ஊரில் ஒரு கடை. முன்னால் ஜெராக்ஸ், நடுவில் நெட் பார்க்க நாலு தடுப்பு, உள்ளே டிடிபி வேலைக்கு ஒரு மேசை. அந்த உள்மேசைதான் என்னுடையது. பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கும் இங்கிலீஷும் போய்விட்டன. மறுபடி எழுதினேன். கணக்கு கிடைத்தது, இங்கிலீஷ் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் கடற்கரையில் என்னை மாதிரிப் பிள்ளைகள் இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போவார்கள். அம்மா என்னை விடவில்லை. அவள் காலையில் மீன்கூடையோடு பஸ் ஏறி சுசீந்திரம் பக்கம் வீடு வீடாக விற்றுவிட்டு வருகிறவள். வாடிக்கை வீடுகளில் ஒன்று அந்தக் கடையை நடத்துகிற அக்காவின் வீடு. கூடையை இறக்கி வைத்துவிட்டு, எனக்க மோளுக்கு மீன்வாடை இல்லாத ஒரு வேலை குடு என்று அம்மா கேட்டிருக்கிறாள். அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டது அப்படித்தான்.

கன்னியாகுமரி லாட்ஜ்காரர்கள் எல்லாரும் தங்களுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்த நேரம் அது. அதற்கென்று கடையில் ஒரு மென்பொருள் இருந்தது. அதில் வேலை செய்ய இங்கிலீஷ் வேண்டாம், கண் இருந்தால் போதும். எழுத்து எங்கே வேண்டுமோ அங்கே சொடுக்கி அடிக்கலாம். படத்தை இழுத்துக்கொண்டு போய்ப் போடலாம். மூலையைப் பிடித்து இழுத்தால் படம் சுருங்கும், விரியும். நாம் கண்ணால் பார்க்கிறபடியே பக்கம் அமையும். மேலே இன்னொரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் பக்கம் மறைந்துபோய் திரை முழுக்க இங்கிலீஷும் குறிகளுமாக, சீனியில் எறும்பு மொய்த்த மாதிரி நிற்கும். அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை.

எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது. சூரியன் உதிக்கிற படம், வட்டக்கோட்டைப் படம், கட்டில் படம், கீழே வாடகை. எந்த லாட்ஜாக இருந்தாலும் இவ்வளவுதான். சூரியன்தான் எப்போதும் தகராறு. இத்தினிக்காணும் சூரியனக் கண்டா எவன் ரூம் எடுப்பான் பிள்ள என்று ஒரு லாட்ஜ்காரர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடல் மறைகிற அளவுக்கு அதைப் பெரிதாக்க வைத்தார்.

நடுநடுவே அந்த மென்பொருள் ஏதாவது கேட்கும். சின்னதாக ஒரு பெட்டி வந்து நிற்கும். இங்கிலீஷில் நாலு வரி, கீழே யெஸ், நோ. ஆரம்பத்தில் ஒருதடவை யெஸ் அழுத்தி, அரை நாள் செய்த பக்கம் அப்படியே போய்விட்டது. அக்காவிடம் வயிறு நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். அது எதைக் கேட்டாலும் நோ. நோ சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது. அதன்பிறகு எனக்கு ஒரு குறையும் வரவில்லை. செய்த பக்கத்தை நெட்டில் ஏற்றுகிற வேலை அக்காவுடையது. ஏற்றுவதற்கு முன்னால் படங்களை ஏதோ ஒழுங்குபடுத்துவாள். என்ன செய்கிறாய் என்று நான் கேட்டதில்லை.

அம்மா போனது இரண்டாயிரத்து ஏழில். ஆடிக்காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரம். மீன் விற்றுவிட்டு வந்தவள் கூடையை இறக்கிவைத்து, தலை இடிக்கிறது என்று சொன்னாள். வாந்தி எடுத்தாள். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோவதற்குள் வாய் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பாதம் குளிர ஆரம்பித்தது. நர்ஸ் வந்து சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தேன்.

அப்பா அப்போது பஹ்ரைனில் ஒரு அரபிக்காரரின் படகில் மீன்பிடி வேலையில் இருந்தார். அம்மா கிடந்ததும் செத்ததும் அவர் கடலில் இருந்தபோது. படகு கரைக்கு வந்து, கூட வேலை செய்கிற எங்கள் தெரு மாமா ஊருக்குப் போன் செய்து தெரிந்துகொண்டு அவரிடம் சொன்னபோது, இங்கே அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் முதலாளி கையில். சீசன் முடியாமல் விடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை படகு கரையில் நின்றால் அப்பா ஒரு மலையாளியின் நெட் கடைக்கு வந்து, காசு குறைவு என்று அங்கே உள்ள கார்ட்லெஸ்ஸில் போன் செய்வார். அம்மாவின் போனுக்குத்தான். இப்போது அது என் கையில் இருந்தது. அவர் அழவில்லை. சாப்பிட்டியா, மழை உண்டா, ஓட்டுல ஒழுகுதா என்று கேட்டார். அடுத்த வாரமும் அப்படியே. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு மாமா போனை வாங்கித் தள்ளிப் போய்ப் பேசினார்.

"ஒனக்க அப்பா அழல்ல பிள்ள. எனக்கு அதுதான் பயமா இருக்கு. வலை இழுக்கும்போ ஓர்மை இல்லாம அப்பிடியே நிக்காரு. ரோப்பு கால்ல சுத்துனா ஆளு கடல்லதான்."

நான் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். அழுங்கப்பா என்று எப்படிச் சொல்வது. ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நான் அவளுக்க மொகத்தக் காணல்லியே மக்கா. காணாம எப்பிடி அழ?"

எங்கள் கடற்கரையில் அடக்கத்துக்கு முன்னால் மாதா கோயில் முற்றத்தில் சவப்பெட்டியை வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று படம் எடுப்பது வழக்கம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காகத்தான் அது. முகம் படத்தில் விழ வேண்டும் என்று தலைமாட்டில் கட்டை கொடுத்துப் பெட்டியைச் சற்றுச் சரித்துவைப்பார்கள். அம்மாவையும் எடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் ஒரு சிடி கொடுத்திருந்தார். பெரியம்மா படம் கழுவி வைத்திருந்தாள், யாராவது போகும்போது கொடுத்துவிட. கிறிஸ்துமஸ் முடியும்வரை பஹ்ரைன் போக ஆள் இல்லை. அப்பாவிடம் இருந்தது பச்சை வெளிச்சம் வருகிற சின்ன போன். மெயில் ஐடி கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை பக்கம் செய்வது. இதைச் செய்தால் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் பார்க்கலாம் என்று லாட்ஜ்காரர்களிடம் அக்கா எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த வாரம் அக்கா தன் தங்கையின் பிரசவத்துக்கு மார்த்தாண்டம் போயிருந்தாள். கடைச் சாவி என்னிடம் இருந்தது. அவள் வரும்வரை காத்திருந்திருக்கலாம். அம்மாவின் முகத்தை வைத்து வேலை செய்வதை யாரும் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் கறுப்புப் பின்னணி போட்டேன். அம்மாவுக்குக் கறுப்பு ஆகாது, மாற்றி வெள்ளையாக்கினேன். மேலே ஒரு சிலுவை. இரண்டு பக்கமும் சுடர் ஆடுகிற மெழுகுதிரி. வலமிருந்து இடமாக ஓடுகிற ஒரு வரி. தமிழில் அடித்தால் வேறு கம்ப்யூட்டரில் எழுத்து குப்பையாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும், லாட்ஜ் வேலையில் பட்டிருக்கிறேன். அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். எங்கள் அம்மா, நாங்கள் மறக்க மாட்டோம், அவ்வளவுதான் அந்த வரி. அந்த ஒரு பள்ளத்தில் விழாமல் தப்பித்தேன் என்று எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

பிறகு சிடியில் இருந்ததை டி டிரைவில் போட்டுவிட்டு ஒவ்வொரு படமாக இழுத்து வந்தேன். பதினொரு படம். முதல் படம் முகம் மட்டும். போட்டவுடன் அது திரையையே நிரப்பிவிட்டது. ஸ்டூடியோக்காரர் பெரிதாக எடுத்திருந்தார். வாய் கோணியிருந்தது, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மூலையைப் பிடித்து இழுத்து அம்மாவைச் சின்னதாக்கினேன். சூரியனை இழுக்கிற அதே கைதான். படம் போடும்போதெல்லாம் அந்தக் கேள்விப் பெட்டி வந்தது. நோ. மறுபடி வந்தது. நோ. கடைசியில் நான் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, கை தானாக நோ அழுத்தியது.

அக்கா எப்படி ஏற்றுவாள் என்று பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அதேபோல ஏற்றினேன். அப்புறம் டி டிரைவுக்குப் போய் அந்தப் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தேன். நெட் பார்க்கிற அதே ஜன்னலில்தான் திறந்தது. சுடர் ஆடியது, வரி ஓடியது, அம்மா இருந்தாள். நான் பார்த்தது என் மேசையில் இருந்த பக்கத்தை. உலகம் பார்க்கிறதும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போனில் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அப்பா சிகரெட் அட்டையில் எழுதினார். எம் என்றேன். மாதாவுக்க எம்மா என்றார். ஆமா. எஸ் என்றேன். சூசையப்பருக்க எஸ்ஸா என்றார். புனிதர்களையெல்லாம் கூட்டிவைத்து அந்த விலாசத்தை எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அந்த மலையாளி கடையைப் பூட்டத் தொடங்கிவிட்டார். அடுத்த வெள்ளி படகு கடலில். அதற்கடுத்த வெள்ளி மூன்று மணிக்குப் போன் வந்தது.

"கண்டேன் மக்கா."

எல்லாத்தையும் கண்டியளா என்று கேட்டேன். கண்டேன், நல்லா செஞ்சிருக்க என்றார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அப்படி ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. யாராவது அவளைப் பற்றிப் பேச வேண்டும்போல இருந்தது.

"ஒறங்குன மாதிரி இருக்கா."

அம்மா தூங்கின மாதிரி இல்லை. யார் பார்த்தாலும் அது தெரியும். ஆனால் புருஷன் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அப்பாவை ரொம்பப் பிடித்தது. அவர் அழவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு லாட்ஜ் பக்கத்தைக் காட்டக் கன்னியாகுமரி போனேன். வரவேற்பு மேசையில் புதுக் கம்ப்யூட்டர். முதலாளி பார்த்து, தலையாட்டி, யாரோ ரூம் கேட்டு வந்தார்கள் என்று எழுந்து போனார். நான் தனியாக இருந்தேன். அம்மாவைப் பார்க்கலாம் என்று தோன்றியது. விலாசத்தை அடித்தேன்.

வெள்ளைப் பக்கம். அந்த ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. சிலுவை இல்லை, மெழுகுதிரி இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கட்டம், கட்டத்தின் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அம்மாவுக்கு மட்டும் பதினொரு கட்டம். நான் இழுத்து இழுத்துச் சரிசெய்த அளவு மட்டும் அப்படியே இருந்தது.

இந்தக் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு நெட் கடையில் ஏறி அங்கேயும் அடித்துப் பார்த்தேன். அங்கேயும் கட்டம்தான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒறங்குன மாதிரி இருக்கா என்றது காதில் விழுந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம். செத்த அம்மாவைப் பற்றி என்னிடம் எப்படிப் பொய் சொல்லலாம் என்று கோபம். கொட்டாரம் வருவதற்குள் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்த மனுஷன் ஒரு மாதமாக முகத்தைப் பார்க்காமல்தான் வலை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அக்காவிடம் காட்டினேன். அவள் எறும்புப் பொத்தானை அழுத்தினாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். படம் எங்கே இருக்கிறது என்று அந்த வரி சொல்கிறதாம். டி டிரைவ் என்று இருந்தது.

"இது நம்ம கடைக்க டி டிரைவ். ஒனக்க அப்பா என்ன, இதுக்குள்ள இருந்தா ஏட்டி மீன் பிடிக்காரு?"

சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஒரு பெட்டி வந்து கேட்டிருக்குமே, படத்தையும் கூடக் கொண்டுபோகட்டுமா என்று, நீ என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். நோ என்றேன். எத்தனை தடவை என்று அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், எல்லாத் தடவையும்.

அவள் செய்கிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். பழையது எல்லாவற்றையும் அழித்தேன். மெழுகுதிரியும் ஓடுகிற வரியும் எனக்கு இப்போது அசிங்கமாகத் தெரிந்தன. படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டேன். பெட்டி வந்தது. யெஸ். பதினொரு தடவை. படமெல்லாம் ரொம்பப் பெருசு, அங்க தொறக்க நேரமாவும், குறைச்சுப் போடு என்றாள் அக்கா. குறைத்தால் முகம் தெளிவு போய்விடுமோ என்று பயந்து அப்படியே விட்டேன். ஏற்றிவிட்டு, நெட் தடுப்பில் போய் உட்கார்ந்து, விலாசத்தை அடித்துப் பார்த்தேன். அம்மா வந்தாள். எதிர்க்கடையில் போய் இன்னொரு தடவை பார்த்தேன். அங்கேயும் வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அம்மாவின் போன் அடித்தபோது நான் கடையில் உள்மேசையில் இருந்தேன். அப்பா சாப்பாடு, மழை என்று தொடங்கினார். நான் குறுக்கே கேட்டுவிட்டேன்.

"அப்பா, நீங்க அம்மையக் காணல்லதானே?"

அவர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நான் போனது மூணாவது வெள்ளியில்லா மக்கா. அதுக்குள்ள எடுத்து மாத்திட்டாவன்னு நெனச்சேன். அடக்கத்துக்கும் பிந்திட்டேன், இதுக்கும் பிந்திட்டேன். ஒன்கிட்ட சொன்னா நீ வெப்ராளப்பட்டு அழுவல்லா."

நெட்டில் போட்ட படத்தையும், அடக்கத்துக்கு முன்னால் பெட்டியை வைத்திருப்பது மாதிரி, இத்தனை நாள்தான் வைத்திருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். யாரிடமும் ஏன் என்று கேட்கவும் இல்லை. வெறும் கட்டங்களுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம், கொடுத்த நேரம் முடியும்வரை. மாமா பிறகு சொன்னது இது.

தப்பு என்னுடையது, நீங்கள் பிந்தவில்லை என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்போதே பாருங்கள், பக்கத்திலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதே என்றேன். அடுத்த வாரம் பார்க்கிறேனே மக்கா என்றார். அவருக்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் பயம்தான். அந்த முகத்தை அவர் எப்படித் தாங்குவார். பரவாயில்லை, கட்டமே போதும் என்று சொல்லிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். போனை வைக்காதீங்க, மாமாவ அடிக்கச் சொல்லுங்க என்றேன்.

போனைக் காதில் வைத்தபடியே அப்பா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார் போல. மாமா எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்து அடிப்பது கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. படம் பெரிது. அது மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும்.

"பூ தெரியுது" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"ரோஜாப்பூவா அது? நெத்தி வந்துட்டு."

நான் என் திரையில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இன்னும் வராத பாதி என் முன்னால் இருந்தது. சொல்லிவிடலாமா, அப்பா, வாய் கோணியிருக்கும், கன்னம் வீங்கியிருக்கும் என்று. அதற்குள் கண்ணு மூடியிருக்கு என்றார். மூக்குத்தியைக் கழற்றிவிட்டார்களா என்று கேட்டார். கழற்றிவிட்டார்கள் என்றேன். என் பக்கத்துத் தடுப்பில் யாரோ சத்தம் வைத்துப் பாட்டுக் கேட்டார்கள். அக்கா போய் அணைக்கச் சொன்னாள்.

"வாய்க்கு என்ன பற்றிச்சு மக்கா?"

சொன்னேன். கூடையை இறக்கிவைத்ததில் இருந்து சொன்னேன். தலை இடிக்கிறது என்று சொன்னது, காரில் போகும்போது வாய் இழுத்தது, மூன்று நாள், பாதம் குளிர்ந்தது, நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தது. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்தேன். இருமல் இல்லை. அப்பா அழுது நான் கேட்டதே இல்லை, அதனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்காலி இழுபட்டது. அந்த மலையாளி ஏதோ கேட்டார். மாமா போனை வாங்கினார்.

"அழுதாரு. அழட்டும். நீ வைக்காத பிள்ள, கேட்டியா?"

வைக்கவில்லை. நானும் சத்தம் போட்டே அழுதேன், கடையில் ஆள் இருந்தார்கள். அக்கா எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். அம்மாவின் போனில் சார்ஜ் தீரும்வரை அப்பாவும் நானும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.